மூழ்கும் நாடும் முன்னறிவிப்பின் விலையும்

ஒரு நாடு முழுவதுமே கடலுள் அமிழப்போகின்றது என்று ஒரு விஞ்ஞானி ஐயுறுகின்றார். ஐயத்தை உண்மையென நிறுவுவதற்கு அவருக்கு நீர்மூழ்கி வேண்டும், கருவிகள் வேண்டும், கணிப்பொறி வேண்டும். இவை யாவற்றுக்கும் முன்னதாகப் பணம் வேண்டும். அதனை யார் கொடுப்பது? யப்பானிய எழுத்தாளர் சாக்கியோ கொமாற்சுவின் ‘யப்பான் மூழ்குகின்றது’ என்னும் நாவலின் முற்பாதியை நடத்திச் செல்வது இக்கேள்வியேயாகும்.

1973ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இரு பாகங்களாக வெளிவந்த அந்நாவல் இலட்சக்கணக்கில் விற்பனையாயிற்று. அவ்வாண்டு டிசெம்பரிலேயே திரைப்படமாகவும் வந்தது. 1976இல் மைக்கேல் கலகர் அதனைச் சுருக்கி ஆங்கிலத்திற் பெயர்த்தார். யப்பான் பொருளாதார வளர்ச்சியின் உச்சத்தில் நின்று, அந்த வளர்ச்சி நிலையானதுதானா என்று முதன்முதலாக ஐயுறத் தொடங்கிய காலம் அது. அன்றியும், ஓரிலட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட 1923ஆம் ஆண்டின் பெரும் புவிநடுக்கத்துக்கு ஐம்பது ஆண்டுகள் நிறைவுற்ற ஆண்டும் அதுவே. எனவே இந்நாவல் வாசகரின் உள்ளத்தில் ஏற்கெனவே இருந்த ஓர் அச்சத்துக்கு உருவம் கொடுத்தது எனலாம்.

நிலத்தை இழந்த ஓர் இனம் எதனைக் கொண்டு தன்னை இனமென அழைத்துக்கொள்ளும் என்பதே நாவலின் மையப் பிரச்சினை என்று கொள்வது வழக்கம். கொமாற்சுவும் அந்த நோக்கத்துடனேயே 1964ஆம் ஆண்டளவில் இதனை எழுதத் தொடங்கினார். யுத்தக் காலத்தில் நாட்டுக்காக அனைவரும் மடிவோம் என்று முழங்கிய மக்களிடமிருந்து அந்த நாட்டையே பறித்துவிட்டால் என்னவாகும் என்று அவர் கேட்டார். இவ்வாசிப்புத் தவறானதன்று. ஆயினும் நாவலின் பிற்பாதிக்கே இது பெரிதும் பொருந்தும். முற்பாதியில் நிகழ்வது வேறு. அங்கே ஓர் ஆராய்ச்சி பிறக்கின்றது. அதற்குப் பணம் தேடப்படுகின்றது. அதன் முடிவுகள் மறைக்கப்படுகின்றன. புவிநடுக்க ஆராய்ச்சிக்கும் முன்னெச்சரிக்கைக்கும் ஓர் அரசு எவ்வாறு பணம் செலவிடுகின்றது, எவ்வாறு செலவிட மறுக்கின்றது என்பதை இத்துணை விரிவாக எடுத்துக்கொண்ட ஆக்க இலக்கியம் மிகச் சிலவே. அந்நோக்கிலேயே நாவல் ஈண்டு ஆராயப்படுகின்றது.

புவிப்பௌதிகவியலாளரான தடொகொரோ, கல்வியுலகத்தின் மதிப்பைப் பெறாதவர், முரடர், பல்கலைக்கழக அமைப்புக்கு வெளியே நின்று ஆய்வு நடத்துபவர். தெற்கே ஒரு சிறுதீவு ஒரே இரவில் மறைந்துபோக, ஒனொதெரா என்னும் இளைஞன் செலுத்தும் ஆழ்கடற் கலத்திலே சென்று யப்பானிய அகழியின் அடித்தளத்தைக் காண்கின்றார். கண்டது அவரை உறங்கவிடவில்லை. ஆனால் அதனை அரசாங்கத்திடம் கொண்டு செல்வதற்கு வழியில்லை. ஆய்வுக்குப் பணம் கேட்பதற்கு ஆதாரம் வேண்டும். ஆதாரம் பெறுவதற்கு ஆய்வு வேண்டும். ஆராய்ச்சி மானியத்துக்கு விண்ணப்பித்த எவருக்கும் தெரிந்த இந்தச் சுழலைக் கொமாற்சு மிகச் சிறப்பாகக் காட்டுகின்றார்.

சுழலை உடைப்பது அரசன்று. வத்தாரி என்னும் முதியவர். நூறு வயதைக் கடந்தவர். எந்தப் பதவியிலும் இல்லாதவர். ஆயினும் பிரதமரை அழைத்துப் பேசக்கூடியவர். அவர் தடொகொரோவைச் சந்திக்கும் இடமே நாவலின் திருப்புமுனையாகும். விஞ்ஞானிக்கு மிக முக்கியமானது எது என்று முதியவர் வினவுகின்றார். உள்ளுணர்வு என்று விடையிறுக்கின்றார் தடொகொரோ. முதியவருக்கு அந்த விடை போதுமானதாக இருக்கின்றது. அதன்பின்னர் கதவுகள் திறக்கின்றன. இரகசியத் திட்டமொன்று உருவாகின்றது. பிரான்சிலிருந்து ஆழ்கடற் கலமொன்று வாங்கப்படுகின்றது.

இக்காட்சி வாசிப்பதற்குச் சுவையானது. அதனாலேயே அதனை நிறுத்தி ஆராய வேண்டியுள்ளது. பத்துக் கோடிக்கு மேற்பட்ட மக்களின் உயிரைப் பற்றிய ஓர் ஆராய்ச்சி, வரவு செலவுத் திட்டத்திலே இடம்பெறாமல், பாராளுமன்றத்திலே விவாதிக்கப்படாமல், ஒரு முதியவரின் இசைவினால் தொடங்குகின்றது. அவர் ஆதாரத்தைக் கேட்கவில்லை, ஆளை எடைபோட்டார். பழைய கதைகளில் அரசன் புலவனுக்குப் பரிசில் கொடுக்கும் முறைக்கும் இதற்கும் வேறுபாடு பெரிதில்லை. முதலாளித்துவ நாடொன்றின் மிக நவீனமான விஞ்ஞான நாவல் தனது அச்சாணியாக நிலமானிய உலகத்துப் புரவலன் ஒருவனை வைத்திருப்பது தற்செயலானதன்று. பொது நிறுவனங்கள் உரிய காலத்தில் இயங்கும் என்று கொமாற்சு நம்பவில்லை. அந்த அவநம்பிக்கைக்கு நியாயம் உண்டு. ஆனால் அவற்றை எவ்வாறு இயங்கச் செய்வது என்ற கேள்வியை நாவல் எழுப்பாமலே விட்டுவிடுகின்றது. புரவலன் வந்துவிட்டபின் கேள்விக்குத் தேவையில்லாமற் போகின்றது.

இரண்டாவது பிரச்சினை இரகசியம். உண்மையை மக்களிடம் சொன்னால் அவர்கள் வெருட்சியடைவர், பங்குச் சந்தை சரியும், அந்நிய நாடுகள் கதவை மூடும் என்ற காரணங்களால் திட்டம் மறைவாக நடத்தப்படுகின்றது. தடொகொரோ ஒருநாள் தொலைக்காட்சியிலே தோன்றி உண்மையை உடைத்துவிடுகின்றார். அந்த இடத்தில் நாவல் ஒரு கணம் தன்னைத்தானே கேள்விக்குட்படுத்துவது போலத் தோன்றுகின்றது. ஆயினும் இரகசியத்தின் தேவையை அது ஒருபொழுதும் முற்றாக மறுப்பதில்லை. வரலாறோ வேறு விதமாகச் சொல்கின்றது. 1923இல் நிலம் நடுங்கியபின், தகவல் இல்லாத வெறுமையை வதந்தி நிரப்பியது. கொரியர்கள் கிணறுகளில் நஞ்சிடுகின்றனர், கிளர்ச்சி செய்கின்றனர் என்ற பொய் பரவி, ஆயிரக்கணக்கான கொரியர்கள் காவற் குழுக்களாலும் படையினராலும் பொலிசாராலும் கொல்லப்பட்டனர். அப்பொய்யைப் பரப்பியதில் அதிகாரிகளுக்கும் பங்கிருந்தது. உண்மையை அறிந்த மக்கள் அல்லர், அறியவிடப்படாத மக்களே அன்று கொலைக் கருவியாயினர். புவிநடுக்கம் பற்றிய அறிவை மறைத்தற்கு மக்களின் வெருட்சியைக் காரணம் காட்டும் எந்த யப்பானியப் படைப்பும் இந்த நிகழ்ச்சிக்கு விடை சொல்லியாக வேண்டும்.

கொமாற்சுவின் ஆற்றல் அதிகாரிகளின் உலகைச் சித்திரிப்பதிலே மிளிர்கின்றது. குழுக்கூட்டங்கள், தொலைபேசி உரையாடல்கள், எந்த அமைச்சின் கணக்கில் எதனை எழுதுவது என்ற இழுபறிகள் ஆகிய பகுதிகளில் உள்ள உயிர் காதற் காட்சிகளில் இல்லை. ஒனொதெராவின் காதல் விவகாரத்தை முற்றாக நீக்கிவிட்டாலும் நாவலுக்கு ஒரு குறையும் நேராது. மறுபுறத்தில், நாவலில் மக்கள் இருக்கின்றார்களா என்று கேட்டால் எண்ணிக்கையாக இருக்கின்றார்கள் என்றே சொல்ல வேண்டியுள்ளது. இத்தனை இலட்சம் பேர் ஏற்றப்பட்டனர், இத்தனை இலட்சம் பேர் எஞ்சினர். இவ்விடத்தில் திரைப்படம் நாவலை விஞ்சுகின்றது. ரோக்கியோ தீப்பற்றி எரிகையில் மக்கள் கூட்டம் அரண்மனை வாயிலிலே திரண்டு நிற்க, வாயிலைத் திறக்குமாறு பிரதமர் தொலைபேசியிற் கட்டளையிடும் காட்சி ஒன்றுண்டு. பூட்டிய கதவொன்றின் முன்னே நிற்கும் முகங்களாக மக்கள் தோன்றும் அந்தச் சில நிமிடங்களில், அரசு என்பது எதற்காக என்ற கேள்வி தானாகவே எழுகின்றது. இன்னொரு செய்தியும் குறிப்பிடத்தக்கது. அப்படத்தில் மந்திரிசபைக்குத் தகட்டுக் கொள்கையை விளக்குபவர் நடிகரல்லர். ரோக்கியோப் பல்கலைக்கழகத்தின் புவிப்பௌதிகவியற் பேராசிரியராகிய ஹிற்றோசி தக்கேயுச்சியே ஆவார். கற்பனைக்கும் கல்வியுலகுக்கும் இடையிலிருந்த சுவர் அத்துணை மெல்லியதாயிருந்தது.

அச்சுவரின் மறுபுறத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை நோக்குதல் அவசியமாகும். 1962ஆம் ஆண்டில் யப்பானியப் புவிநடுக்க ஆய்வாளர்கள் சிலர் திட்ட வரைவொன்றை வெளியிட்டனர். புவிநடுக்கத்தை முன்கூட்டியே சொல்லுதல் எப்பொழுது கைகூடும் என்று இப்பொழுது கூற இயலாது. ஆயின் வேண்டிய அவதானங்களை இன்றே தொடங்கினால், பத்தாண்டுகளின் பின் அக்கேள்விக்கு நம்பத்தக்க விடை தரலாம் என்பது அதன் சாரம். விஞ்ஞான நோக்கிற் பார்த்தால் அடக்கமான கூற்றே. ஆனால் 1965இல் அரசு பணம் ஒதுக்கத் தொடங்கியதும் அடக்கம் மெல்ல மெல்ல நீங்கிற்று. எதிர்வுகூறல் முடியுமா என்று ஆராய்வதற்கு வந்த பணம், எதிர்வுகூறுவதற்கு வந்த பணமாக மாறியது. பணம் கேட்போர் வாக்குறுதி அளிக்க வேண்டியிருந்தது. பணம் கொடுப்போர் வாக்குறுதியைக் காட்டி வாக்குப் பெற வேண்டியிருந்தது. இருசாராரும் ஒருவரையொருவர் ஏமாற்றினர் என்று சொல்வது மிகையாகலாம். ஒருவரையொருவர் திருத்தவில்லை என்று சொல்வதில் மிகையில்லை.

1976இல் கற்சுகிக்கோ இசிபாசி என்னும் இளம் ஆய்வாளர் சுருகா வளைகுடாவை அண்டிய தொக்காய்ப் பகுதியிலே பெரும் புவிநடுக்கம் நிகழலாம் என்ற கருத்தை முன்வைத்தார். நாடு கலங்கிற்று. நாவலையும் படத்தையும் கண்டு மூன்றாண்டுகளே கழிந்திருந்தமை இங்கு மறக்கத்தக்கதன்று. 1978இல் பாரிய புவிநடுக்கத் தடுப்பு நடவடிக்கைகளுக்கான விசேட சட்டம் நிறைவேறிற்று. கருவிகள் மாற்றத்தைக் காட்டியவுடன் அறிஞர் குழுவொன்று கூடும், அவர்களது முடிவு பிரதமரிடம் செல்லும், பிரதமர் எச்சரிக்கைப் பிரகடனம் செய்வார், புகைவண்டிகள் நிற்கும், பாடசாலைகள் மூடப்படும். ஒரு சிறு அறைக்குள் கூடும் அறிஞர், அவர்களிடமிருந்து பிரதமரின் செவிக்குச் செல்லும் செய்தி என்னும் இந்த அமைப்பைப் படிக்கும்போது வத்தாரியின் மாளிகையை நினையாதிருத்தல் கடினம். சட்டமியற்றியோர் நாவலைப் பின்பற்றினர் என்பதன்று இதன் பொருள். ஆபத்தைப் பற்றிய அறிவு ஓரிடத்திலே திரண்டு, ஒரு வாயிலிருந்து, ஒருமுறை மட்டும் வெளிவரும் என்ற ஒரே கற்பனையை நாவலும் சட்டமும் பகிர்ந்துகொண்டன என்பதே பொருள்.

அந்தப் பிரகடனம் ஒருமுறையேனும் செய்யப்படவில்லை. நிலம் வேறிடங்களில் நடுங்கியது. 1995ஆம் ஆண்டு சனவரி 17ஆம் திகதி அதிகாலை 5.46 மணிக்குக் கோபே நகரம் இடிந்தது. 6,434 பேர் இறந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் தம் வீடுகளின் கீழேயே நசுங்கி இறந்தனர். பாரமான ஓடு வேய்ந்த பழைய மரவீடுகள். அவற்றில் வாழ்ந்தவர்களுள் முதியோரும் வசதி குறைந்தோரும் பலர். தொக்காய்ப் பகுதியிலே பூமியின் மிக நுண்ணிய நெளிவையும் அளப்பதற்குப் பணமிருந்த நாட்டில், இவ்வீடுகளின் தூண்களைப் பலப்படுத்துவதற்குப் பணம் இருக்கவில்லை. ஆயினும் ஒன்றை மறைத்தல் நேர்மையாகாது. 1980இல் வந்த விசேட நிதிச் சட்டத்தின் வழியாகத் தொக்காய்ப் பகுதியின் பாடசாலைகளும் ஒதுங்கிடங்களும் பலப்படுத்தப்பட்டன. தீர்க்கதரிசனத்தின் பெயரால் வந்த பணத்தில் ஒரு பகுதி சுவர்களுக்கும் போய்ச் சேர்ந்தது. ஆனால் அது ஒரு பிரதேசத்துக்கு மட்டுமே; தீர்க்கதரிசனம் சுட்டிய பிரதேசத்துக்கு.

கோபேயின் பின்னர் அரசு தனது தலைமை அமைப்பொன்றின் பெயரை மாற்றிற்று. ‘புவிநடுக்க எதிர்வுகூறல் மேம்பாட்டுத் தலைமையகம்’ என்றிருந்தது ‘புவிநடுக்க ஆய்வு மேம்பாட்டுத் தலைமையகம்’ ஆயிற்று. எதிர்வுகூறல் என்ற சொல் பெயர்ப்பலகையிலிருந்து இறங்கியது. சொல் இறங்கிய இடத்திலே கருவிகள் ஏறின. நாடெங்கும் ஏறத்தாழ இருபது கிலோமீற்றர் இடைவெளியில் ஆயிரம் அளவான வன்னதிர்வு மானிகள் நிறுவப்பட்டன; ஏறத்தாழ எண்ணூறு இடங்களில் நூறு மீற்றருக்குக் குறையாத ஆழ்துளைகள் இடப்பட்டு நுண்ணதிர்வு மானிகள் இறக்கப்பட்டன. இவற்றிலே நாவலாசிரியரை ஈர்க்கக்கூடியது எதுவுமில்லை. ஒரு கருவியைப் போலவே இன்னொன்று. ஒருநாளைப் போலவே மறுநாள். இவற்றைப் பேணுவதற்கு மேதை தேவையில்லை. சம்பளம் தவறாமற் கிடைக்கும் தொழில்நுட்பவியலாளர் போதும்.

இந்த வலையமைப்பிலிருந்து பிறந்ததே 2007 ஒக்டோபர் முதலாந் திகதி பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட அவசர முன்னெச்சரிக்கை. அதன் தத்துவம் எளியது. பாறை உடைந்ததும் இருவகை அலைகள் புறப்படுகின்றன. முதலில் வருவது செக்கனுக்கு ஆறு, ஏழு கிலோமீற்றர் வேகத்தில் வரும் மெல்லிய அலை. கட்டடங்களை வீழ்த்துவது அதன் அரைப்பங்கு அளவான வேகத்தில் பின்னால் வரும் அலை. மூலத்துக்கு அண்மையிலுள்ள கருவி முதலலையைக் கேட்டுவிட்டால், தொலைவிலுள்ளோருக்கு இரண்டாவது அலை வருமுன் மின்காந்த வேகத்திற் செய்தி அனுப்பலாம். கிடைப்பது சில செக்கன்கள். மிஞ்சினால் ஒரு நிமிடம். மூலத்துக்கு நேர்மேலே இருப்பவனுக்கு ஒன்றும் கிடையாது. இது எதிர்வுகூறலன்று. நடந்துவிட்டதை, அது வந்து சேருமுன் சொல்லுதல் மட்டுமே. தடொகொரோ இதனை ஏளனம் செய்திருப்பார். ஆனால் பத்துச் செக்கனில் அடுப்பை அணைக்கலாம். மேசையின் கீழே புகலாம். சத்திரசிகிச்சை செய்யும் கை கத்தியை அகற்றலாம்.

2011 மார்ச்சு 11ஆம் திகதி இவ்வமைப்புச் சோதனைக்குள்ளாயிற்று. முதற் கருவி அதிர்வை உணர்ந்து 8.6 செக்கனில் எச்சரிக்கை வெளியாயிற்று. செண்டாய் நகர மக்களுக்குப் பெரும் அதிர்வு வருமுன் பத்துச் செக்கனுக்கு மேற்பட்ட அவகாசம் கிடைத்தது. பயணிகளுடன் விரைந்துகொண்டிருந்த அதிவேகப் புகைவண்டி ஒன்றேனும் தடம்புரளவில்லை. இவ்வளவும் வெற்றி. ஆனால் 9.0 அளவான அந்நடுக்கத்தை முதலில் 7.9 என்றே கணித்தனர். உள்நாட்டுக் கருவிகள் அளவு கடந்து ஓடிவிட்டமையால் உண்மைப் பருமனை உடனே கணிக்க இயலாது போயிற்று. மூன்று நிமிடத்தில் வந்த கடற்கோள் எச்சரிக்கை மியாகி மாவட்டத்துக்கு ஆறு மீற்றர் என்றும், இவாத்தே, புக்குசிமா மாவட்டங்களுக்கு மூன்று மீற்றர் என்றும் கூறிற்று. பத்து மீற்றருக்கு மேல் என்று மியாகிக்குத் திருத்தம் வருவதற்கு இருபத்தெட்டு நிமிடங்கள் சென்றன. அதற்குள் மின்சாரம் அற்றுப்போன கிராமங்கள் பலவற்றைத் திருத்தம் எட்டவில்லை. மூன்று மீற்றர் என்று கேட்டோர் தம் கடற்சுவரை நம்பி நின்றனர். கடலடியிற் போதிய கருவிகள் இருக்கவில்லை. அந்த அழிவின் பின்னரே 150 அவதான நிலையங்களைக் கொண்ட, ஐயாயிரம் கிலோமீற்றருக்கு மேல் நீளமான கடலடி வடம் அக்கரைக்கு வெளியே இடப்பட்டது. பிணங்கள் கரைசேர்ந்த பின்னரே பணம் கடலுக்குள் இறங்கிற்று.

ரோக்கியோப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பணியாற்றிய ரொபேட் கெல்லர் அவ்வாண்டிலேயே ஒரு கசப்பான உண்மையைச் சுட்டினார். 1979இன் பின்னர் யப்பானிற் பத்து அல்லது அதற்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்ட புவிநடுக்கங்கள், அரசின் அபாய வரைபடம் அபாயம் குறைந்தவை என்று காட்டிய பகுதிகளிலேயே நிகழ்ந்திருந்தன. வரைபடம் மக்களை ஓரிடத்துக்கு அஞ்சவும் மற்றோரிடத்தில் அயரவும் கற்பித்திருந்தது. கெல்லரின் வாதத்தை ஆராய்ச்சிக்குப் பணம் வேண்டியதில்லை என்ற முடிவுக்குக் கொண்டுசெல்வோர் உளர். அது அவர் வாதத்தைத் திரிப்பதாகும். எங்கும் நிகழலாம் என்று கொண்டு எங்கும் செலவிடு என்பதே அதன் உட்கிடை. ஆயின் ‘எங்கும்’ என்ற சொல்லைக் கொண்டு நிதியமைச்சை அசைப்பது எளிதன்று. ‘இங்கே, விரைவில்’ என்பதற்கே பணப்பெட்டி திறக்கின்றது. கொமாற்சு இதனை நன்கு அறிந்திருந்தார். அறிந்தமையாலேயே அவரது தடொகொரோ ‘இங்கே, விரைவில்’ என்று சொல்லும் மனிதராகப் படைக்கப்பட்டார். அதே காரணத்தால் அவர் சொன்னது பலிக்கவும் வேண்டியிருந்தது.

யப்பானில் எச்சரிக்கை குறைபாடுடையதாயிருந்தது. எச்சரிக்கையே இல்லாதிருந்தால் என்னவாகும் என்பதை இலங்கைக் கரை அறியும். 2004 டிசெம்பர் 26ஆம் திகதி காலை ஏழு மணிக்குச் சற்று முன்னர் சுமாத்திராவின் அப்பாற் கடலடி பிளந்தது. கண்டிக்கு அருகே பல்லேகலையில் 2000ஆம் ஆண்டிலிருந்து உலக நில அதிர்வு வலையமைப்பைச் சேர்ந்த நிலையமொன்று இயங்கிவந்தது. அதன் கருவி அன்று உறங்கவில்லை. மலைநாட்டு நிலம் ஒன்பது சென்ரிமீற்றருக்கு மேலாக ஏறி இறங்கியதை அது பதிந்தது. கவாயில் உள்ள பசிபிக் எச்சரிக்கை நிலையம் பதினைந்து நிமிடங்களிலேயே அறிக்கை வெளியிட்டது. பசிபிக் கரைகளுக்கு ஆபத்தில்லை என்று அதிற் கூறப்பட்டிருந்தது. அந்நிலையம் நிறுவப்பட்டதும் பணம் பெற்றதும் பசிபிக் கரைகளுக்காகவே. கடல் கிழக்குக் கரையை அடைவதற்கு ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் இருந்தது. செண்டாய்க்குக் கிடைத்தவை செக்கன்கள்; மட்டக்களப்புக்கும் முல்லைத்தீவுக்கும் கிடைத்தவை மணித்தியாலங்கள். முப்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பல்லேகலையில் எழுதப்பட்ட கோட்டுக்கும் கரையில் நின்ற மீனவனுக்கும் இடையே இல்லாதிருந்தது விஞ்ஞானமன்று. யாராவது படிக்க வேண்டும், யாராவது அழைக்க வேண்டும், யாராவது ஒலிபரப்ப வேண்டும் என்ற மிகச் சாதாரணமான ஏற்பாடே. இந்து சமுத்திரத்தில் இது அரிதாக நிகழ்வது என்பதால் அதற்குப் பணம் வேண்டப்படவில்லை.

அதன்பின்னர் ஏற்பாடு வந்தது. 2012 ஏப்ரில் 11ஆம் திகதி பிற்பகல் சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவான நடுக்கம் நிகழ்ந்தபோது எச்சரிக்கை விடுக்கப்பட்டது; இலங்கைக் கரையோர மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு உட்புறம் ஓடினர். கடல் வரவில்லை. இம்முறை கடலடி மேலெழாமற் பக்கவாட்டில் நழுவியிருந்தது. அதனை எச்சரிக்கை விடுக்கும் கணத்தில் உறுதியாக அறிய வழியில்லை. அன்று மாலை வீடு திரும்பியோர் பெற்றுக்கொண்டது பொய்த்த எச்சரிக்கையா, பயன்பட்ட எச்சரிக்கையா?

கொமாற்சுவின் நாவலில் இந்தக் கேள்விக்கு இடமில்லை. அவரது விஞ்ஞானி தவறுவதில்லை. தவறினால் கதையே இல்லை. பேரழிவு நாவல் என்னும் இலக்கிய வகையின் எல்லை இது. தீர்க்கதரிசி முதலில் இகழப்பட வேண்டும். ஈற்றில் அவர் சொல் நிறைவேற வேண்டும். அவ்வகையில் ஊறிய வாசகர் எச்சரிக்கையையும் அதே அளவுகோலால் அளக்கின்றனர். பலித்தால் மேதைமை, பலிக்காவிடின் வீண்செலவு. வரவு செலவுத் திட்டத்தை வெட்டுவோரின் அளவுகோலும் இதுவேயாகும். பொதுப்பணத்தால் நடத்தப்படும் எச்சரிக்கையோ பலமுறை பொய்க்கும் உரிமை பெற்றதாயிருந்தாலன்றி ஒருமுறையேனும் உதவாது. இவ்விடயத்தில் நாவலின் அழகியலும் கணக்காளரின் தர்க்கமும் ஒன்றுக்கொன்று துணைநிற்பது விசித்திரமே.

யப்பானிய அரசு மிக மெதுவாகத் தன் கற்பனையை மாற்றிக்கொண்டுள்ளது. உறுதியான எதிர்வுகூறல் இயலாது என்று ஒப்புக்கொண்டு, 2017 நவம்பரில் தொக்காய் எதிர்வுகூறல் முறையைக் கைவிட்டு, நங்காய் அகழி முழுவதற்குமான புதிய தகவல் முறையை ஏற்படுத்திற்று. 2024 ஓகத்து 8ஆம் திகதி ஹியுகா கடலில் 7.1 அளவான நடுக்கம் நிகழ்ந்ததும், அம்முறையின் கீழ் முதற்றடவையாக, பெரும் புவிநடுக்கம் நிகழும் வாய்ப்பு வழமையிலும் சற்றுக் கூடியுள்ளது என்று பகிரங்கமாக அறிவித்தது. நிகழும் என்று சொல்லவில்லை. நிகழாது என்றும் சொல்லவில்லை. பிரதமர் தம் மத்திய ஆசியப் பயணத்தைக் கைவிட்டார். கடைகளிற் குடிநீர் தீர்ந்தது. கரையோர விடுதிகளில் முன்பதிவுகள் நீக்கப்பட்டன. வத்தாரியும் அவரைச் சூழ்ந்தோரும் அஞ்சிய வெருட்சி நிகழவில்லை. ஒரு வாரத்தின் பின், 15ஆம் திகதி, விசேட விழிப்புக்கான அழைப்பு முடிவுற்றது. விடுதி உரிமையாளருக்கு நேர்ந்த நட்டத்தை யார் ஏற்பது என்ற முணுமுணுப்பு எஞ்சியது. அது நியாயமான முணுமுணுப்பே.

கொமாற்சு இந்த ஒரு வாரத்தைக் காணவில்லை. கோபேயின் அழிவைப் பற்றி 1995இல் நாளிதழொன்றில் நீண்ட தொடர் எழுதிய அவர், 2011ஆம் ஆண்டின் கடற்கோள் நிகழ்ந்து நான்கு மாதங்களில், யூலை 26ஆம் திகதி காலமானார். அவரது நாவலின் ஈற்றில் தடொகொரோ முதியவருடன் மூழ்கும் நிலத்திலேயே தங்கிவிடுகின்றார். காயமுற்ற ஒனொதெரா, எங்கு செல்கின்றான் என்று தெளிவாக அறியாமலே சைபீரியாவூடாகச் செல்லும் புகைவண்டியிற் கிடக்கின்றான். கடைசிப் பக்கத்தில் ‘முதலாம் பாகம் முற்றிற்று’ என்று எழுதப்பட்டிருந்தது. இரண்டாம் பாகம் கோசு தனியின் கூட்டுடன் வெளிவர முப்பத்து மூன்று ஆண்டுகள் சென்றன.